வீட்டை அறக்கட்டளைக்கு விற்பது: சில குறிப்புகள்

போன மாதம் கிழக்கு லண்டன், ஈஸ்ட் ஹாமிலிருந்து மாமா போன் செய்தார். அவருக்கும் மாமிக்கும் அங்கே இரண்டாவதாக ஒரு வீடு உண்டு. பதினோரு வருடமாக ஒரே குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. பிள்ளைகள் பக்கத்துப் பள்ளியில் படிக்கிறார்கள்.

"வயசாயிடுச்சுப்பா, ரிப்பேருக்கு ஆள் புடிச்சு அலைய முடியல. வித்துடலாம்னு இருக்கேன். ஆனா அவங்கள கெளப்பிட்டு விக்க மனசு வரல. ஏழைங்களுக்கு வீடு குடுக்கிற டிரஸ்டுக்குக் கொஞ்சம் கொறைச்சே குடுத்தா, எப்பவும் அது அப்படியே இருக்குமில்ல?"

"இருக்கும் மாமா" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். பிறகு உட்கார்ந்து படித்துப் பார்த்தபோதுதான் அவசரப்பட்டுவிட்டேன் என்று தெரிந்தது. அந்தக் குறிப்புகள்தான் இவை. எல்லாம் இங்கிலாந்துச் சட்டப்படி.

முதலில், இது புதிய யோசனை இல்லை. 1865-ல் ஆக்டேவியா ஹில், ஜான் ரஸ்கின் போட்ட பணத்தில் மேரில்போன் பகுதியில் மூன்று பழைய வீடுகளை எடுத்து, பழுது பார்த்து, ஏழைக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டார். 1960-களில் நாட்டிங் ஹில் பக்கம் உருவான வீட்டு அறக்கட்டளைகளும் பழைய வீடுகளைத்தான் வாங்கின. 1974 வீட்டுவசதிச் சட்டம் வந்தபிறகு அரசு மானியமும் பெரிய அளவில் கிடைத்தது. இன்று 'ஹவுசிங் அசோசியேஷன்' என்று சொல்லப்படுபவை பல இப்படி வளர்ந்தவைதான்.

வாங்குபவர் உண்மையிலேயே அறக்கட்டளையா என்று பார்க்கணும். இங்கே ஒரு குழப்பம் வரும். சாரிட்டி கமிஷன் பட்டியலில் பெயர் இல்லை என்றால் போலி என்று அர்த்தமில்லை. பல ஹவுசிங் அசோசியேஷன்கள் 'சமூக நலச் சங்கம்' என்ற வடிவில் நிதி நடத்தை ஆணையத்திடம் பதிவானவை. சமூக வீட்டுவசதிக் கட்டுப்பாட்டாளரின் பட்டியலிலும் ஒருமுறை தேடிவிடலாம். எல்லா ஹவுசிங் அசோசியேஷனும் அறக்கட்டளை அல்ல என்பதும் நினைவில் இருக்கட்டும். வரிச் சலுகை அதைப் பொறுத்தது.

அடுத்தது விலை. அறக்கட்டளைக்கு முத்திரைத் தீர்வை விலக்கு உண்டு. ஆனால் அதற்காகச் சந்தை விலைக்கு மேல் தரமாட்டார்கள். அறங்காவலர்கள் மதிப்பீட்டாளர் சொன்னதைத் தாண்டி அள்ளிக் கொடுக்க முடியாது. குறைத்துக் கொடுப்பவருக்கோ இரண்டு வழியில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். 1,50,000 பவுண்டுக்கு வாங்கிய வீடு இன்று 4,50,000 போகும் என்று வைத்துக்கொள்வோம். அறக்கட்டளைக்கு 4,00,000-க்கு விற்றால், மூலதன ஆதாயத்தை மூன்று லட்சமாக இல்லாமல், கையில் வந்த தொகையை வைத்து இரண்டரை லட்சமாகத்தான் கணக்கிடுவார்கள். 24% விகிதத்தில் 12,000 பவுண்டு வரி மிச்சம். விட்டுக்கொடுத்த 50,000-ஐ அந்த வருட வருமானத்திலிருந்தும் கழித்துக்கொள்ளலாம். மாமா மாதிரி வருமானம் குறைந்த ஓய்வூதியக்காரருக்கு இந்தக் கடைசிச் சலுகையால் பெரிய பயன் இல்லை. இருவர் பெயரில் வீடு இருந்தால் இருவருமே தங்கள் முழுப் பங்கையும் கொடுக்கணும், அறக்கட்டளையிடம் சான்றிதழும் வாங்கணும்.

குடியிருப்பவர்கள்? வீடு கைமாறினாலும் வாடகை ஒப்பந்தம் முறியாது. புது உரிமையாளர் அதோடு சேர்த்துத்தான் வாங்குகிறார். ஆகவே 'ஆள் இருக்கும்போதே விற்கிறேன்' என்று முதலிலேயே சொல்லிவிடணும். எல்லா அமைப்பும் சம்மதிக்காது. தூரத்தில் ஒற்றையாய்க் கிடக்கும் வீட்டைப் பராமரிப்பது அவர்களுக்குச் செலவு.

இனிதான் மாமாவின் உண்மையான கேள்வி: எப்பவும் அப்படியே இருக்குமா?

அறக்கட்டளையும் விற்கலாம். லண்டனில் விலை ஏறிய இடங்களில் உள்ள பழைய வீடுகளை விற்று, அந்தப் பணத்தில் வேறு இடத்தில் கட்டுவது நடக்கிற விஷயம்தான். அதில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் நம் வீடு நம் வீடாக நிற்காது.

'பத்திரத்திலேயே எழுதிடலாமே' என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. இங்கிலாந்துச் சட்டம் அங்கேதான் கையை விரிக்கிறது. 1914-ல் லண்டன் கவுண்டி கவுன்சில் தொடுத்த ஒரு வழக்கு. இந்த நிலத்தில் கட்டமாட்டேன் என்று கவுன்சிலுக்கு எழுதிக் கொடுத்தவரிடமிருந்து இன்னொருவர் வாங்கிக் கட்டிவிட்டார். கவுன்சிலுக்குப் பக்கத்தில் சொந்த நிலம் எதுவும் இல்லாததால் அந்த வாக்குறுதி புதியவரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பு. அதாவது, வாக்கு கொடுத்தவரோடு நிற்கும்; நிலத்தோடு போகணும் என்றால் அதனால் பயன்பெறும் நிலம் ஒன்று பக்கத்தில் உங்களுக்கு இருக்கணும். மாமாவுக்கு அப்படி எதுவும் இல்லை.

அப்புறம் என்ன வழி? எனக்குக் கிடைத்தவை மூன்று.

ஒன்று, சமூக நில அறக்கட்டளை. 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதற்கு விளக்கமே உண்டு: அந்த ஊர் மக்களுக்கு நன்மை தரும் வகையில் தவிர சொத்தை விற்கக்கூடாது. மைல் எண்டில் பழைய செயின்ட் கிளெமென்ட்ஸ் மருத்துவமனை வளாகத்தில் இப்படிச் சில வீடுகளின் விலையை அந்தப் பகுதி மக்களின் வருமானத்தோடு கட்டிவைத்திருக்கிறார்கள். திரும்ப விற்கும்போதும் அதே கணக்கு.

இரண்டு, பொதுவாகக் கொடுக்காமல், 'இந்த வீடு இந்தப் பயனுக்கே' என்று தனி டிரஸ்டாக எழுதிக் கொடுப்பது. சாரிட்டி கமிஷனில் பதிவான அமைப்பு அதை விற்கணும் என்றால் பொது அறிவிப்பு கொடுத்து ஒரு மாதமாவது கருத்துக் கேட்கணும். பூட்டு இல்லைதான், ஆனால் சத்தம் போடும் கதவு.

மூன்று, குறிப்பிட்ட வருடங்களுக்குள் வெளிச்சந்தையில் விற்றால் விலை வித்தியாசம் இன்னொரு வீட்டு அறக்கட்டளைக்குப் போகணும் என்று ஒப்பந்தம் போட்டு, நிலப் பதிவேட்டிலும் குறித்துவைப்பது. வீடு தனக்கே திரும்பி வருவதுபோல் எழுதினால் வரிச் சலுகை பறிபோகலாம். இதற்குச் சொலிசிட்டர் கட்டாயம் வேணும்.

மாமாவுக்குத் திரும்பப் போன் செய்து இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அப்ப நான் கொறைக்கிற பணம் டிரஸ்டுக்குப் போவுது, வீட்டுக்குப் போவலன்னு சொல்ற" என்றார். ஆமாம், எழுதாமல் விட்டால் அப்படித்தான்.

"சரி, அப்ப எழுதுறவனுக்குத்தான் கொறைப்பேன். எழுத மாட்டேன்னா முழு விலை."

இத்தனை நாள் படித்ததை ஒரே வரியில் முடித்துவிட்டார். இப்போது சொலிசிட்டர் தேடிக்கொண்டிருக்கிறோம். குடியிருப்பவர்களிடமும் விஷயத்தைச் சொல்லிவிடச் சொல்லியிருக்கிறேன். வேறு யார் வாயிலாவது அவர்களுக்குத் தெரியக்கூடாது.