அதிரும் கையுறையும் மீட்சியின் விலையும்

பக்கவாதத்தால் செயலிழந்த கை மீண்டும் ஒரு குவளையைப் பிடிக்க வேண்டுமானால், மூளையில் சேதமடைந்த பகுதி செய்துவந்த வேலையை எஞ்சிய பகுதிகள் பழகிக்கொள்ள வேண்டும். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால்தான் அப்பழக்கம் படியும் என்பதால், மறுவாழ்வுச் சிகிச்சையின் செலவில் பெரும்பங்கு இயன்முறை மருத்துவரின் நேரத்துக்கே போகிறது. 2006இல் முடிவுகள் வெளியான 'எக்ஸைட்' என்னும் அமெரிக்க ஆய்வில், நோயாளிகள் நல்ல கையை உறையிட்டு அடக்கிவைத்து, தளர்ந்த கைக்கு இரண்டு வாரங்கள் நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் வரை பயிற்சி பெற்றனர். பலன் கிடைத்தது என்றாலும், அத்தனை மணி நேரம் ஒரு நோயாளியுடன் அமர்ந்திருக்க எந்தப் பொது மருத்துவமனையில் ஆள் உண்டு? அந்த இடத்தை இயந்திரக் கை நிரப்பும் என்ற நம்பிக்கையும், 770 பேரைக் கொண்டு நடந்து 2019இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், வழக்கமான சிகிச்சையைவிடக் கையின் செயல்திறன் கூடவில்லை, செலவுக்கு ஏற்ற பலனும் இல்லை என்ற முடிவில் நின்றது.

உடலில் அணியும் தொடுணர்வுக் கருவிகள் வேறு வழியை நாடுகின்றன. இவற்றுள் ஒருவகை, கையின் அசைவை அளந்து, அது நெடுநேரம் சும்மா இருந்தால் மணிக்கட்டில் அதிர்ந்து நினைவூட்டும். இதுவே தொடுணர்வுப் பின்னூட்டம். மற்றொரு வகை, நோயாளி எதையும் அசைக்காதபோதும் விரல்களில் பொருத்திய சிறு மோட்டார்கள் மூலம் அதிர்வைச் செலுத்தி, உணர்வு நரம்புகள் வழியே மூளையைத் தூண்ட முயல்வது. பியானோ கற்பிப்பதற்காக ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் உருவான அதிர்வுக் கையுறையே இதன் முன்னோடி. பக்கவாதம் தாக்கி நெடுநாளான 16 பேர் எட்டு வாரங்கள் நாள்தோறும் மூன்று மணி நேரம் அன்றாட வேலைகளுக்கிடையே கையுறை அணிந்த ஆய்வு 2021இல் வெளியாயிற்று. அதிராத கையுறை அணிந்தோரைவிட அதிர்வு பெற்றோருக்குத் தொடுணர்வு மேம்பட்டது, தசை இறுக்கமும் தளர்ந்தது.

பதினாறு பேர் மிகக் குறைவு. இறுக்கம் தளர்வதும் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்வதும் ஒன்றல்ல. ஆயினும், கை அசையவே இயலாமல் தீவிரப் பயிற்சிக்குத் தகுதி பெறாதவர்களுக்கு இது ஒரு வாசலைத் திறக்கிறது என்பதால் புறக்கணிக்கத்தக்கதன்று. கையுறையின் விலையை மட்டும் பார்ப்பது போதாது. மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேலையை விடும் மனைவியின் அல்லது மகளின் இழந்த ஊதியமும் மீட்சியின் செலவே, அது எந்த ரசீதிலும் இடம்பெறுவதில்லை. தசை இறுக்கத்துக்குப் போடப்படும் பொட்டுலினம் ஊசியின் பலன் ஏறத்தாழ மூன்று மாதங்களில் தேய்ந்துவிடுகிறது. இனி வரும் பெரிய ஆய்வுகள், கையுறை அணிவோருக்கு அவ்வூசியும் மருத்துவமனைப் பயணங்களும் எவ்வளவு குறைகின்றன என்பதையும் சேர்த்து அளக்க வேண்டும்.