சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழு, 1854–1855

கம்பெனி ஆட்சியில் நிலவரி வசூலும் காவல் அதிகாரமும் தாசில்தார் என்னும் ஒரே அதிகாரியிடம் குவிந்திருந்ததால், வரி பாக்கி வைத்த குடியானவர்களும் குற்றம் சாட்டப்பட்டவர்களும் அவருக்குக் கீழிருந்த சேவகர்களிடம் வதைபட்டனர். ஒரு முனையில் சேர்த்துக் கட்டிய இரு கட்டைகளுக்கிடையே விரல்களை நெரிக்கும் 'கிட்டி', கழுத்தையும் கால் விரல்களையும் கயிற்றால் பிணைத்துக் குனிந்தபடியே நிறுத்திவைக்கும் 'அண்ணாந்தாள்' ஆகியவை பரவலாக வழங்கின.

காஜுல லட்சுமிநரசு செட்டியாரின் சென்னைவாசிகள் சங்கம் இக்கொடுமைகளை வெளிப்படுத்தப் போராடியதாலும், 1854இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் விவாதம் எழுந்ததாலும், எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகியோர் அடங்கிய குழு அமைக்கப்பட்டது. சித்திரவதை நடந்தது உண்மையே என்று 1855இல் அறிக்கை அளித்த அக்குழு, பாதிக்கப்பட்டோர் நீதி பெறுவதிலிருந்த இடர்ப்பாட்டையே மிக வேதனையானதாகச் சுட்டியது.

1859ஆம் ஆண்டின் சென்னைக் காவல் சட்டம் காவல் பணிக்கெனத் தனித் துறையை உருவாக்கியது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், ஒப்புதல் வாக்குமூலத்துக்காகவோ வரி பாக்கிக்காகவோ துன்புறுத்தும் அதிகாரியைக் குற்றவாளியாக்கியது. காவலரிடம் அளித்த ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக மெய்ப்பிக்கக் கூடாது என்னும் விதி இன்றும் நடைமுறையில் உள்ளது. அதிகாரிகளைச் சட்டத்துக்குப் பதில் சொல்ல வைத்தது, அச்சத்தை மீறி முறையிட்ட குடிமக்களின் துணிவே.