அரிவாள் ஒன்று, கட்சி இரண்டு

தேர்தல் வந்தால் சுவரில் இரண்டு சின்னங்கள். ஒன்றில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் (சிபிஐ) கதிர் அரிவாள்; இன்னொன்றில் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் (சிபிஎம்) அரிவாள், சுத்தியல், நட்சத்திரம். கொடி இரண்டுமே சிவப்பு. பிறகு எதற்கு இரண்டு கட்சி என்று டீக்கடையில் கேட்டுப் பாருங்கள். "அது ரஷ்யா, இது சீனா" என்று சட்டென்று பதில் வரும். அதில் பாதிதான் உண்மை.

மாஸ்கோவும் பீகிங்கும் பகிரங்கமாக மோதிக்கொண்டதும், 1962 எல்லைப் போரும் பிளவை விரைவுபடுத்தின என்பது சரிதான். ஆனால் பிளவுபடாத கம்யூனிஸ்ட் கட்சிக்குள் அதற்கு முன்பிருந்தே புகைந்துகொண்டிருந்தது ஒரு உள்நாட்டுக் கேள்வி: சுதந்திர இந்தியாவின் அரசு யார் கையில் இருக்கிறது?

தேசிய முதலாளிகள் கையில் என்றது கட்சித் தலைவர் டாங்கேயின் தரப்பு. இந்த முதலாளிகளுக்கு அந்நிய ஏகபோகமும் ஆகாது, நிலப்பிரபுத்துவமும் ஆகாது. நேருவின் பொதுத்துறையைப் பாருங்கள் என்றார்கள். ஆகவே காங்கிரசில் உள்ள முற்போக்காளர்களையும் சேர்த்துக்கொண்டு 'தேசிய ஜனநாயகம்' அமைக்கலாம், தலைமையைப் பங்கிட்டுக்கொள்ளலாம்.

சுந்தரய்யா, பி. ராமமூர்த்தி தரப்பு இதை ஏற்கவில்லை. பெருமுதலாளிகள் தலைமையில் முதலாளிகளும் நிலப்பிரபுக்களும் நடத்தும் அரசு இது. அந்நிய மூலதனத்தோடும் கைகோத்து வருகிறது என்றார்கள். அப்படியானால் இலக்கு 'மக்கள் ஜனநாயகம்'. தலைமை தொழிலாளி வர்க்கத்துக்கே. காங்கிரஸ் எதிர்த்து நிற்க வேண்டிய கட்சி.

இந்த நிலையில் 1964 மார்ச்சில், 1924-இல் டாங்கே சிறையிலிருந்து பிரிட்டிஷ் அரசுக்கு, ஒத்துழைக்கத் தயார் என்று எழுதியதாகச் சொல்லப்பட்ட கடிதங்கள் பத்திரிகையில் வந்தன. போலி என்றார் அவர். ஏப்ரல் 11 அன்று தேசியக் கவுன்சிலிலிருந்து 32 பேர் வெளியேறினார்கள், நம்முடைய என். சங்கரய்யா அவர்களில் ஒருவர். அந்த ஆண்டு முடிவதற்குள் கல்கத்தாவில் வெளியேறியவர்களின் (சிபிஎம்) மாநாடு, பம்பாயில் டாங்கே தரப்பின் (சிபிஐ) மாநாடு. இரண்டுமே தங்களைக் கட்சியின் ஏழாவது மாநாடு என்றே சொல்லிக்கொண்டன!

நக்சல்பாரி விவசாயிகள் எழுச்சிக்குப் பிறகு 1969-இல் மூன்றாவது பதிலும் வந்தது. இந்தியா அரைக்காலனிய, அரை நிலப்பிரபுத்துவ நாடு என்று சொன்ன மார்க்சிஸ்ட்-லெனினிஸ்ட்டுகள் தேர்தலைப் புறக்கணித்து ஆயுதம் ஏந்தினார்கள்.

இதெல்லாம் வெறும் சொற்சண்டையா? 1975-க்கு வாருங்கள். இந்திரா நெருக்கடி நிலையை அறிவித்தபோது சிபிஐ ஆதரித்தது; சிபிஎம் எதிர்த்தது. 1964-இல் அரசைப் பற்றி எழுதிவைத்த வரிகள்தான் ஒரு கட்சியை அங்கேயும் இன்னொன்றை இங்கேயும் நிறுத்தின. அந்த ஆதரவு தவறு என்று 1978 பட்டிண்டா மாநாட்டில் சிபிஐயே ஒப்புக்கொண்டது.

கட்சித் தீர்மானம் எதையாவது படிக்க நேர்ந்தால் கனமான சொற்களைக் கண்டு மிரள வேண்டாம். யாரை நண்பன் என்கிறார்கள், யாரை எதிரி என்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். கூட்டணி அங்கேயே முடிவாகியிருக்கும்.