பத்தடியில் நல்ல தண்ணீர், அதற்குக் கீழே கடல்!

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் ஆயிரம் அடிக்கு போர் போட்டும் புழுதிதான் பறந்தது என்று சொன்னால் யாரும் வியப்படைய மாட்டார்கள். நாகப்பட்டினம் மாவட்டம் வேதாரண்யத்தில், கடலுக்குப் பக்கத்து மணல் மேட்டில் பத்தடி தோண்டினால் குடிக்கத் தகுந்த தண்ணீர் ஊறுகிறது. அதே இடத்தில் ஆழமாகப் போனால் உப்புத் தண்ணீர். வேளாண் துறையில் சேர்ந்ததிலிருந்து மேட்டு நிலங்களிலேயே வேலை பார்த்த நான், அண்மையில்தான் முதன்முறையாக இந்தக் கடலோரத்துக்குப் போனேன். கண்ட விவரங்களில் இரு பக்கத்து விவசாயிகளுக்கும் பயன்படக்கூடியவற்றை இங்கே எழுதுகிறேன்.

மேட்டில் மா, பள்ளத்தில் நெல்

திருத்துறைப்பூண்டி தாண்டும் வரை கண்ணுக்கு எட்டிய தூரம் சமமான நெல் வயல்கள். காவிரியின் கடைமடை இது. வேதாரண்யம் நெருங்க நெருங்க நிலம் மாறுகிறது. கருப்பம்புலம், ஆயக்காரன்புலம், கத்தரிப்புலம் என்று 'புலம்' என முடியும் ஊர்கள் வரிசையாக வருகின்றன. பல காலத்துக்கு முன் கடல் ஒதுக்கிவிட்டுப் போன மணல் திட்டுகள் இந்தப் பகுதியில் வரிவரியாகக் கிடக்கின்றன. மேட்டில் மா, தென்னை, முல்லைப்பூ. இரண்டு மேடுகளுக்கு நடுவில் உள்ள பள்ளத்தில் நெல். நம் ஊரில் கல்லும் கரம்பும் பார்த்துப் பயிர் பிரிப்பதுபோல, இவர்கள் முழ உயர வித்தியாசத்தைப் பார்த்துப் பிரிக்கிறார்கள்.

ஊருக்குத் தெற்கே அகஸ்தியம்பள்ளியில் உப்பளங்கள். 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து தொண்டர்களுடன் நடந்து வந்த ராஜாஜி உப்பு அள்ளியது இந்தப் பகுதியில்தான். அதன் நினைவாக ஸ்தூபி நிற்கிறது. உப்பளத்துக்காரருக்கு வெயில் வேண்டும். பக்கத்துத் தோட்டக்காரருக்கு மழை வேண்டும். கோடையில் ஒரு மழை பெய்தால் பாத்தியில் விளைந்த உப்பு கரைந்துபோகிறது, தோட்டத்துக் கிணறு ஊறுகிறது. ஒரே வீட்டில் அண்ணன் உப்பளத்துக்கும் தம்பி தோட்டத்துக்கும் போவதுண்டு என்று டீக்கடையில் சிரித்தபடி சொன்னார்கள்.

நாற்பது குடமும் நாற்பத்தொரு குடமும்

கடலோர மணல் மேட்டில் காய்கறித் தோட்டம் வைத்திருந்த ஒரு பெரியவரிடம், "கடல் இவ்வளவு பக்கத்தில் இருக்கிறதே, தண்ணீர் எப்படி உப்புக் கரிக்கவில்லை ஐயா?" என்று கேட்டேன்.

"மேல இருக்கிறது மழைத் தண்ணி சார், கீழ இருக்கிறது கடல் தண்ணி. மேலாப்புல மோந்துக்கிட்டா ஒண்ணும் ஆவாது. அடியில கை வச்சா போச்சு" என்றார்.

கல்லூரியில் படித்த பாடத்தை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். ஒரு லிட்டர் நல்ல தண்ணீரின் எடை 1,000 கிராம். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருப்பதால் எடை ஏறக்குறைய 1,025 கிராம். அதாவது 40 குடம் கடல் நீரும் 41 குடம் நல்ல தண்ணீரும் ஒரே எடை. அதனால் மணலுக்குள் இறங்கிய மழைநீர், கடல் நீரின் மேல் மிதக்கிறது. நிலத்தடி நீர்மட்டம் கடல் மட்டத்தைவிட ஓர் அடி உயரமாக இருந்தால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர் நிற்கும்.

இதன் மறுபக்கம்தான் ஆபத்து. நீர்மட்டம் ஓர் அடி இறங்கினால், கீழே உள்ள உப்பு நீர் நாளடைவில் 40 அடி மேலே ஏறும். நம் பக்கத்தில் நீர்மட்டம் இறங்கினால் அடுத்த நல்ல மழையில் மீண்டுவிடும் என்று நம்பலாம். இங்கே ஒரு முறை உப்பு ஏறினால் அதைக் கீழே தள்ளப் பல ஆண்டு மழை தேவைப்படும்.

முன்பு மணலில் ஆழமில்லாத குட்டை தோண்டி, இரண்டு கையிலும் குடம் எடுத்து மோந்து ஊற்றித்தான் புகையிலையும் கத்தரியும் மிளகாயும் வளர்த்திருக்கிறார்கள். வேலை கடினம், ஆனால் எடுப்பது ஊறும் அளவைத் தாண்டவில்லை. இப்போது மோட்டார் வந்துவிட்டது. நான் பார்த்த ஒரு முல்லைத் தோட்டத்தில் இலை ஓரங்கள் கருகியிருந்தன. ஆழமாக போர் இறக்கி நாள் முழுக்க ஓட்டியதில் தண்ணீர் கரிக்கத் தொடங்கிவிட்டதாம். பாதிக்கப்பட்டது அந்தத் தோட்டம் மட்டுமல்ல, பக்கத்துக் கிணறும்தான். அந்த வீட்டு அம்மா குடிதண்ணீருக்குக் குடத்தோடு தெருக்குழாய்க்கு நடப்பதையும் பார்த்தேன்.

மணல் மேடுதான் மதகு

இந்த மிதக்கும் நீரைப் பிடித்து வைத்திருப்பது மணல் மேடு. மேட்டை அள்ளிவிட்டால் மழைநீர் தங்க இடமில்லை. மணலைக் கட்டி நிறுத்துபவை ராவணன் மீசைப் புல், அடப்பங்கொடி, தாழை, பனை. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. தென்னையும் மாவும் வேரோடு சாய்ந்த இடங்களில் பனை நின்றது என்று ஊரார் சொல்கிறார்கள். தோப்பின் கடல் பக்கத்து வேலியாகப் பனை விதை ஊன்றுவதற்குப் பெரிய செலவில்லை.

கடலோர விவசாயிகள் கவனிக்க

'போரில் உப்புத் தண்ணீர் வருகிறது, இன்னும் ஆழம் போடலாமா?' என்று கேட்பவர்கள் உண்டு. மணல் மேட்டுப் பகுதியில் ஆழப்படுத்தினால் உப்புதான் கூடும். சில இடங்களில் களிமண் அடுக்குக்குக் கீழே தனியாக நல்ல நீர் இருக்கலாம். அதை நிலத்தடி நீர் ஆய்வு செய்த பிறகே தொட வேண்டும்.

1. ஒரே ஆழமான போருக்குப் பதில், ஆழமில்லாத இரண்டு மூன்று குட்டைகளிலிருந்து மாற்றி மாற்றி எடுங்கள். சிறிய மோட்டாரைக் குறைந்த நேரம் ஓட்டி, ஊற விட்டு மறுபடி ஓட்டுங்கள்.

2. சொட்டுநீரும் மூடாக்கும் மணலில் மிகவும் உதவும். மூடாக்கு இருந்தால் ஈரம் ஆவியாகி மேல்மண்ணில் உப்பு பூப்பது குறையும்.

3. உவர் நிலமும் களர் நிலமும் வேறு. மின்கடத்தும் திறன் 4-க்கு மேல், கார அமில நிலை 8.5-க்குக் கீழ் என்றால் உவர். இதற்கு ஜிப்சம் தீர்வாகாது; வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி, வடித்து உப்பைக் கழுவ வேண்டும். சோடியம் மிகுந்து, கார அமில நிலை 8.5-க்கு மேல் போனால் களர். அங்கேதான் ஜிப்சமும் தக்கைப்பூண்டும் வேலை செய்யும்.

4. பள்ளத்து நெல்லுக்கு கோ 43, திருச்சி 1, திருச்சி 3 போன்ற உப்பைத் தாங்கும் ரகங்களைப் பாருங்கள்.

5. தை மாதத்தில் ஒரு முறை, வைகாசியில் ஒரு முறை கிணற்று நீரைச் சுத்தமான பாட்டிலில் அரை லிட்டர் பிடித்து மாவட்ட மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். மின்கடத்தும் திறன் ஆண்டுக்கு ஆண்டு ஏறினால், நாக்கில் உப்பு தெரியும் முன்பே மோட்டாரைக் குறைக்கலாம்.

பக்கத்துத் தோட்டக்காரரையும் சேர்த்துக்கொண்டு பரிசோதனைக்குப் போங்கள். இரண்டு கிணறுகளுக்கும் அடியில் இருப்பது ஒரே தண்ணீர்தான்.