முறிந்த எழுத்தின் அரசியல்

அச்செழுத்தின் வடிவத்தை வெறும் அழகியல் விவகாரமாக ஒதுக்கிவிடும் போக்கு எம் மத்தியில் உண்டு. வாசகத்தில்தான் அரசியல் இருக்கிறது, எழுத்துரு அச்சகத்தாரின் பாடு என்று விட்டுவிடுகிறோம். ஜேர்மனியில் வாழ்கிறவர்களுக்கு அது கட்டுப்படியாகாது. ரொஸ்டொக்கிலும் மொல்னிலும் 1992இலும், சோலிங்கனில் 1993இலும் வெளிநாட்டவரின் குடியிருப்புகளுக்குத் தீ வைக்கப்பட்ட பின்னர், கோணம் கோணமாக நிற்கும் பழைய ஜேர்மன் எழுத்தை ஒரு ஜக்கெற்றின் முதுகில் கண்டால் எம்மவர் பலர் வீதியின் மறுபக்கம் மாறி நடந்தார்கள். அதே எழுத்து பியர்ப் போத்தலிலும் உண்டு, ‘ஃபிராங்ஃபுர்ட்டர் அல்கமைன’ பத்திரிகையின் பெயர்த் தலைப்பிலும் உண்டு. அங்கு யாரும் அஞ்சுவதில்லை. அப்படியானால் அச்சம் எழுத்தில் இருக்கிறதா, ஜக்கெற்றில் இருக்கிறதா?

‘ஃபிராக்டூர்’ என்ற பெயர், முறிந்தது எனப் பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அகன்ற முனைப் பேனாவின் கோடு வளைந்து செல்லாமல், திரும்பும் இடமெல்லாம் முறிந்து செல்வதே அதன் இலட்சணம். 1450களில் மைன்ஸ் நகரில் குட்டன்பெர்க் அச்சிட்ட பைபிளின் எழுத்தும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். பிரான்சும் இத்தாலியும் உருண்டையான ‘அன்டிக்வா’ எழுத்துக்கு மாறிய பின்னரும் ஜேர்மனி இதை விடவில்லை. இதில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது ஒரு அச்சுக்கோர்ப்பு வழக்கம். ஜேர்மன் சொற்களை ஃபிராக்டூரிலும், லத்தீன், பிரெஞ்சுச் சொற்களை அன்டிக்வாவிலும் கோர்ப்பார்கள். ஒரே வாக்கியத்துக்குள் அந்நியச் சொல் வேறு உடை உடுத்தி நிற்கும். வந்தேறியை வரிக்குள்ளேயே அடையாளம் காட்டிய அச்சு அது!

எந்த எழுத்து தேசத்துக்கு உரியது என்ற சண்டை 1911இல் ஜேர்மன் நாடாளுமன்றம் வரை போனது. 1933இல் நாசிகள் ஆட்சிக்கு வந்ததும் தீர்ப்பு வந்துவிட்டது போல இருந்தது. ஃபியூச்சுரா எழுத்தை உருவாக்கிய பவுல் ரென்னர் கைது செய்யப்பட்டுப் பதவி இழந்தார். நவீன அச்சுக்கலைக்காக வாதாடிய யான் சிஹோல்டும் கைதாகி, அதே ஆண்டில் சுவிஸுக்கு அகதியானார். சுவரொட்டிகளில் ‘டன்னன்பெர்க்’ போன்ற, இரும்பில் வெட்டியது போன்ற புதிய முறிந்த எழுத்துகள் அணிவகுத்தன.

பின்பு 1941 ஜனவரி 3ஆம் திகதி, ஹிட்லரின் பெயரால் மார்ட்டின் போர்மன் ஒரு சுற்றறிக்கை விடுத்தார். இந்த எழுத்தை ஜேர்மன் எழுத்தெனக் கருதுவது தவறு, இது யூத எழுத்து, இனி அன்டிக்வாவே வழமையான எழுத்து என்றது அது. வரலாற்றில் இதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. கைப்பற்றிய நாடுகளின் மக்களால் ஃபிராக்டூரை எளிதில் வாசிக்க முடியாததே நடைமுறைக் காரணம் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். அந்தச் சுற்றறிக்கைத் தாளின் முகப்பே முறிந்த எழுத்தில்தான் அச்சாகியிருந்தது. இன்றைய நவநாசிகள் முதுகில் சுமப்பது தங்கள் தலைவரே யூதப் பட்டம் சூட்டித் துரத்திய எழுத்தை. அவர்களுக்கு இது தெரியுமோ என்னவோ.

அதே ஆண்டில் பள்ளிக்கூடக் கையெழுத்தும் மாற்றப்பட்டது. பாட்டனின் கடிதத்தை வாசிக்க முடியாத பேரப்பிள்ளைகளை இங்கு சாதாரணமாகக் காணலாம். தமிழக அரசின் 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்தோடு ஒப்பிடத் தோன்றும். ஆனால் அங்கு தும்பிக்கை தூக்கிய ‘லை’ போன்ற சில வடிவங்களே போயின. பழைய புத்தகங்கள் எமக்கு அந்நியமாகிவிடவில்லை.

முறிந்த எழுத்து பாசிசம், நேர்கோட்டு நவீன எழுத்து முற்போக்கு என்று பிரிப்பதும் எனக்கு உடன்பாடில்லை. புகன்வால்ட் வதைமுகாமின் இரும்பு வாயிற்கதவில் ‘அவரவர்க்கு உரியது அவரவர்க்கு’ என்று பொருள்படும் ஜேர்மன் வாசகம் இருக்கிறது. அதன் எழுத்து ஃபிராக்டூர் அல்ல. பவுஹவுஸ் பள்ளியின் சாயல் கொண்ட, அலங்காரமற்ற நவீன எழுத்து. அதை வரைந்தவர் ஃபிரான்ஸ் ஏர்லிஹ். கம்யூனிஸ்ட், பவுஹவுஸ் மாணவர், அந்த முகாமின் கைதி. நாசிகளின் நெருக்கடியால் 1933இல் மூடப்பட்ட பள்ளியின் எழுத்தை எஸ்.எஸ். படையினர் தங்கள் வாசலில் அனுமதித்தார்கள். வாசகம் கட்டளையிட்டவர்களுடையது, வடிவம் கைதியினுடையது. வெளியிலிருந்து பார்த்தால் எழுத்துகள் தலைகீழ்த் திசையில் ஓடும். உள்ளே நிற்பவர்கள் வாசிப்பதற்காகவே அவை பொருத்தப்பட்டிருந்தன.