கலையாத கூட்டம் – 14: ஓர் ஆள் இடத்தில் இரண்டு பேர்

பேர்ட்ஸ் குழுவுக்கு கிராம் பார்சன்ஸ் 1968-இல் வந்தார், அதே வருஷம் போனார், நடுவில் கன்ட்ரி ராக்குக்கு ஓர் இசைத்தட்டு கிடைத்தது. சென்ற வாரம் அதோடு நிறுத்தியிருந்தோம்.

இந்த வாரம் ஓமலூர், ராசிபுரம் பக்கத்துக் கூத்துச் செட்டுகளுக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். வருகிறேன். ஆனால் டெல்லியின் ‘இண்டியன் ஓஷன்’ என்னை விடமாட்டேன் என்கிறது.

1990-இல் சுஷ்மித் சென் கிதாரும் அசீம் சக்ரவர்த்தி தபலாவுமாக எழுந்த குழு. பெயர் வைத்தவர் சுஷ்மித்தின் அப்பா. முதலில் வாசித்த சிலர் விலக, 1991-இல் பேஸ் கிதாருக்கு ராகுல் ராம் வந்தார், 1994-இல் டிரம்ஸுக்கு அமித் கிலம். நால்வரும் பதினைந்து வருஷம் பிரியவில்லை. நர்மதைக் கரைப் பாட்டும் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் அரமேயப் பாட்டும் இவர்கள் கையில் ராக் ஆயின.

அசீம் தபலாவும் வாசிப்பார், பாடவும் செய்வார், இரண்டும் ஒரே நேரத்தில். பாட்டை எங்கே இழுப்பது, தாளம் எங்கே காத்திருப்பது என்று ஒருவருக்கொருவர் கண்ஜாடை காட்டவே வேண்டாம். அது ஒரே மனிதருக்குள் முடிந்துவிடும்.

2009 டிசம்பர் 25-இல் அவர் மாரடைப்பில் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்தவர்கள் இரண்டு பேர்: தபலாவுக்குத் துஹீன் சக்ரவர்த்தி, பாட்டுக்கு ஹிமான்ஷு ஜோஷி.

என்னைத் தூங்கவிடாத சங்கதி இனிமேல்தான். கரோல் பாகில் அவர்கள் ஒத்திகை பார்த்த பழைய பங்களாவின் விலாசத்தையே தலைப்பாக வைத்து, ‘16/330 கஜூர் ரோடு’ என்று 2010 ஜூலையில் ஓர் ஆல்பம் தொடங்கினார்கள். அசீம் இருந்தபோதே பதிவான ஏழு பாட்டுகள். மாதம் ஒன்றாக, இணையத்தில், இலவசமாக. மேடையில் புது ஆட்கள் பாடிக்கொண்டிருக்க, கேட்பவர் வீட்டுக்கு மாதாமாதம் அசீம் வந்துகொண்டிருந்தார். ஒரு கலைஞனுக்கு இதைவிடப் பெரிய கருமாதியை நான் கேள்விப்பட்டதில்லை.

நம் செட்டுகளில் மிருதங்கக்காரருக்கு உடம்பு முடியாவிட்டால் பக்கத்துச் செட்டு ஆள் வந்து கைகொடுப்பார். வேஷக்காரரின் அடியைப் புது ஆள் பிடிக்கும்வரை வாத்தியார் ஜால்ராவால் ஆட்டத்தை இழுத்துப் பிடிப்பார். ஆட்டம் விடியும்வரை நிற்காது. போனவரை அச்சாகத் தேடாமல் அவர் சுமந்ததைப் பகிர்ந்துகொள்வதுதான் ஒரு குழுவைக் காப்பாற்றுகிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

ஆனால் 2013-இல் சுஷ்மித்தே விலகினார். குழுவின் அடையாளமே அந்தக் கிதார்தான். தொடங்கிய இருவரும் இல்லாத குழு, பழைய பெயரில் எப்படி மேடை ஏறியது? கூத்துச் செட்டில் வாத்தியார் மாறினால் பெட்டியும் நகையும் யாருக்கு? இரண்டையும் சேர்த்து அடுத்த வாரம் பார்ப்போம்.