சாதனையாளர்கள் வாழ்ந்த வீடுகளும் நம் வீட்டு அலங்காரமும்



‘வீட்டை அழகுபடுத்துதல்’ என்று தலைப்புக் கொடுத்தால், பெரும்பாலான தாள்களில் ஒரே வீடுதான் வருகிறது. பெரிய பங்களா, நீச்சல் குளம், பளிங்குத் தரை! “எங்க வீடு மூவறை வீடு, டீச்சர். தம்பிகூட ஒரே ரூம். அதைப் பத்தி எழுத என்ன இருக்கு?” என்று கேட்கும் மாணவர்களும் உண்டு. அந்தக் கேள்விக்குள் கொஞ்சம் கூச்சமும் ஒளிந்திருக்கும். வீட்டின் அழகைப் பணம் மட்டுமே தீர்மானிப்பதில்லை என்பதைச் சாதனையாளர்கள் வாழ்ந்த மூன்று வீடுகள் நமக்குக் காட்டுகின்றன. மூன்றும் இன்று பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கின்றன.

1. மோனேயின் வீடு: நிறம் செய்யும் வேலை

பிரெஞ்சு ஓவியர் குளோட் மோனே 1883-இல் ஜிவெர்னி என்ற கிராமத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார். 1890-இல் அதையே விலைக்கு வாங்கினார். 1926-இல் இறக்கும் வரை, 43 ஆண்டுகள் அவர் வாழ்ந்த வீடு அது. உணவறையின் சுவரும் அலமாரியும் நாற்காலியும் மஞ்சள்தான். அந்தக் கதவைத் தாண்டினால் நீல ஓடுகள் பதித்த சமையலறை. அதில் பளபளக்கும் செம்புப் பாத்திரங்கள். மஞ்சளும் நீலமும் ஒன்றையொன்று எடுத்துக்காட்டும் என்பது ஓவியருக்குத் தெரியாதா என்ன! சுவர்களில் அவர் மாட்டியவை ஜப்பானிய மர அச்சுப் படங்கள். 200-க்கும் மேற்பட்ட படங்களைச் சேர்த்து வைத்திருந்தார்.

நமக்கு என்ன பாடம்? ஒரு அறைக்கு ஒரு முதன்மை நிறம் போதும். வீவக வீட்டில் எல்லாச் சுவரையும் மாற்ற வேண்டியதில்லை. ஒரு சுவருக்கு மட்டும் இளமஞ்சள் பெயிண்ட் அடித்தாலே வெளிச்சம் கூடியதுபோல் இருக்கும். பெயிண்ட் அடிக்க முடியாத வாடகை வீடா? திரைச்சீலையும் மெத்தை உறையும் அந்த வேலையைச் செய்துவிடும்.

2. ஃபிரிடா காலோவின் நீல வீடு: நம் பண்பாடு, நம் சுவரில்

மெக்சிகோ நகரின் கோயோக்கான் பகுதியில், அடர்நீலச் சுவர்களோடு நிற்கும் வீடு ‘காஸா அசூல்’. ‘நீல வீடு’ என்பதே அதன் பொருள். ஓவியர் ஃபிரிடா காலோ 1907-இல் பிறந்ததும் 1954-இல் மறைந்ததும் அங்கேதான். 1958-இல் அது அருங்காட்சியகம் ஆனது.

18 வயதில் நேர்ந்த பேருந்து விபத்தில் அவருடைய முதுகெலும்பு உடைந்தது. மாதக்கணக்கில் படுக்கையிலேயே கிடந்தார். கட்டிலின் மேற்கூரையில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று பொருத்தப்பட்டது. படுத்தபடியே வரைவதற்குத் தனிச் சட்டமும் செய்துகொடுத்தார்கள். கண்ணாடியில் தெரிந்த தம் முகத்தையே அவர் வரையத் தொடங்கினார். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற அவருடைய தன்னுருவப் படங்களுக்கு அந்தக் கட்டில்தான் தொடக்கம்.

சமையலறையைப் பாருங்கள். தரை மஞ்சள், மேசை மஞ்சள். சுவரில் குட்டிக் குட்டி மண் குவளைகளால் ‘ஃபிரிடா’, ‘தியேகோ’ என்று அவருடைய பெயரும் கணவர் பெயரும் எழுதப்பட்டிருக்கும். வெளிநாட்டு ஆடம்பரப் பொருளை அவர் தேடிப் போகவில்லை. உள்ளூர்க் குயவரும் தச்சரும் செய்ததே அங்கே அலங்காரம். நம் வீட்டில் பாட்டியின் பித்தளைக் குத்துவிளக்கு, அஞ்சறைப் பெட்டி, தேக்காவில் வாங்கிய மண் அகல் இருக்கலாம். அவற்றைப் பெட்டிக்குள் பூட்டி வைக்காமல் வரவேற்பறையில் வைத்தால் அதுவே அடையாளம்; விருந்தாளிக்குச் சொல்ல ஒரு கதையும் கிடைக்கும்.

3. டார்வினின் டவுன் ஹவுஸ்: வேலைக்கு ஏற்ற மூலை

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் இருந்த டவுன் ஹவுஸுக்கு அறிவியலாளர் சார்லஸ் டார்வின் 1842-இல் குடிவந்தார். 1882-இல் இறக்கும் வரை அங்கேயே வாழ்ந்தார். 1859-இல் வெளிவந்த ‘உயிரினங்களின் தோற்றம்’ அங்கு எழுதப்பட்டதுதான். பிள்ளைகள் ஓடியாடும் அந்த வீட்டில் அவர் தமக்கென ஒரு படிப்பறையை அமைத்துக்கொண்டார். நாற்காலிக் கால்களில் சக்கரம் பொருத்தினார். அறைக்குள் எழுந்து நடக்காமலே நகரலாம். மடியில் ஒரு பலகையைக் குறுக்கே வைத்து எழுதினார். குறிப்புத்தாள்களைப் பிரித்து வைக்கக் கைக்கெட்டும் தூரத்தில் அடுக்குகள் இருந்தன.

தம்பியோடு அறையைப் பகிரும் மாணவருக்கு இந்த வீடுதான் பெரிய துணை. தனி அறை இல்லாவிட்டால் பரவாயில்லை. சன்னலோரம் ஒரு மடக்கு மேசை, ஒரு மேசை விளக்கு, பாடவாரியாக மூன்று அட்டைப் பெட்டிகள். இவ்வளவு போதுமே!

கட்டுரையில் எப்படிப் பயன்படுத்துவது?

விளக்கக் கட்டுரையில் ஒவ்வொரு பத்தியும் கருத்து, சான்று, விளக்கம் என்ற வரிசையில் அமையட்டும். வித்தியாசத்தைப் பாருங்கள்:

பொதுவான வாக்கியம்: வீட்டை அழகாக வைத்திருந்தால் மனம் மகிழும்.

சான்றுள்ள வாக்கியம்: ஓவியர் மோனே தம் உணவறை முழுவதற்கும் மஞ்சள் வண்ணம் பூசியதைப் போல, ஒரே நிறத்தின் சாயல்களைப் பயன்படுத்தினால் சிறிய அறையும் பளிச்சென்று தோன்றும்.

ஒரு எச்சரிக்கை: ஆண்டுகளை மட்டும் அடுக்கினால் அது வரலாற்றுக் குறிப்பாகிவிடும். “அவர் ஏன் இப்படி வைத்தார்? என் வீட்டில் அதை எப்படிச் செய்யலாம்?” என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை வந்தால்தான் கட்டுரை முழுமை பெறும்.

சொல்வளம்: முதன்மை நிறம், சாயல், திரைச்சீலை, கைவினைப் பொருள், அடையாளம், படிப்பறை, எளிமை.

பயிற்சி

1. உங்கள் வீட்டில் குடும்பக் கதையைச் சொல்லும் ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். அதை எங்கே வைத்தால் பொருத்தமாக இருக்கும்? 80 சொற்களில் விளக்குக.

2. மூன்று வீடுகளில் ஒன்றைச் சான்றாகக் கொண்டு, ‘சிறிய வீட்டையும் சிறப்பாக அமைக்கலாம்’ என்ற தலைப்பில் ஒரு பத்தி எழுதுக.

ஆசிரியர்கள் கவனத்திற்கு: முதல் பயிற்சியை இணையராகப் பேச வைத்துவிட்டு எழுதச் சொன்னால் கூச்சம் குறையும். பொருளின் விலையைப் பற்றிப் பேச்சு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் கதை மட்டும் வந்தால் போதும்.